மேல்மாடிச் சம்பந்தம்

வேதாகமத்தில் உள்ள யோசுவாவின் புத்தகத்தில் டிமோனா என்ற பெயர் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அதுவும் ஊர்களின் ஜாபிதா ஒன்றில், இரண்டு பெயர்களுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கிறது.

“எழுதுனவனே இந்த ஊர்ல ஒரு வாய் தண்ணி குடிக்கல. பேரைச் சொல்லிட்டு அடுத்த ஊருக்கு ஓடிட்டான். அவனுக்கு இருந்த புத்தி நமக்கு இல்லாமப் போச்சு” என்பார் பிராஸ்பர் அசாயாக். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் சொல்வார், ரொட்டிக்கடை வரிசையில் சொல்வார், சனிக்கிழமை, சபாத் அன்று ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கும்போதே பக்கத்து ஆள் காதில் சொல்வார். எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1955இல் மொரோக்கோவின் காசாபிளாங்காவிலிருந்து மார்செய் வழியாகக் கப்பலில் வந்து இஸ்ரேலின் ஹைஃபாவில் இறங்கியவரைக் குடும்பத்தோடு லாரியில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று நாள் முழுக்க ஓட்டினார்கள். லாரி நின்ற இடத்தில் பொட்டல், சில கொட்டகைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒண்ணுக்கு இருக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தார். டிரைவர், “ஊரு வந்தாச்சு, எறங்குங்க” என்றான். பிராஸ்பர் இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் வரை தோல்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியிலேயே உட்கார்ந்திருந்தார். கீழே ரொட்டியும் மத்தி மீனும் கொடுக்கிற வாசனை வந்ததும் இறங்கினார். வெளியே சொல்லும்போது அது மூன்று நாளாகிவிடும். மகளுக்கு வயிற்று வலி என்று முதல் ஆளாக இறங்கிவிட்ட அவர் மனைவி சிமி, சபையில் அதைத் திருத்தமாட்டாள். வீட்டில் மட்டும் “மத்தி மீனுக்கு எறங்குன வீரன்” என்பாள்.

அதற்கப்புறம் ஊர் வளர்ந்தது. பாத்தி கட்டியதுபோல வரிசை வரிசையாக நாலு மாடி வீடுகள் எழும்பின. விடியற்காலையில் சாக்கடலுக்கு உப்புவேலை ஆட்களை ஏற்றிப்போகிற பஸ்கள் வந்தன. பஞ்சாலை வந்தது. கிழக்கே மொட்டைத்தலை மாதிரி ஒரு கட்டடமும் வந்தது. உள்ளே அணு வேலை என்று பேச்சு, ஆனால் அதையும் பஞ்சாலை என்றே அரசாங்கம் சொன்னது. அங்கே வேலைக்குப் போய் வருகிறவன் சட்டையில் ஒரு நூல்கூட ஒட்டியிருப்பதில்லை என்று ஊர் சிரித்தது. வருஷா வருஷம் மரம் நடும் விழாவில் அமைச்சர் யாராவது வந்து கன்று நடுவார். அது காய்ந்ததும் அடுத்த வருஷம் அதே குழியில் வேறொருவர் நடுவார்.

பிராஸ்பர் முதலில் கல் பொறுக்கினார், பிறகு ரோடு போட்டார், இப்போது சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். காசாபிளாங்காவில் பெரிய தியேட்டருக்கு மேனேஜராக இருந்தவர் என்பது அவர் சொல்லி ஊர் அறிந்தது. இங்கே ஓடுவது பெரும்பாலும் இந்திப் படம். ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வரும். பிராஸ்பர் வாசலில் நின்று அந்த முகங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

இளக்காரம் அந்த ஊரில் மேலிருந்து கீழே ஒழுங்காக வடிந்தது. ஆலையிலும் ஆபீஸிலும் இருந்த போலந்து யூதர்கள், மொரோக்கோவிலிருந்து வந்த எல்லாரையும் “கத்தி” என்ற ஒரே பெயரில் கூப்பிட்டார்கள். மொரோக்கோக்காரர்களில் காசாபிளாங்காக்காரர்கள், அட்லஸ் மலையிலிருந்து வந்தவர்களைக் குகைவாசி என்றார்கள். எல்லாரும் சேர்ந்து ஏளனம் செய்யக் கடைசியாக பம்பாயிலிருந்து இந்திய யூதர்கள் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் வந்தவர்களுக்குக் கடைசி மாடி. பிராஸ்பர் வீடு மூன்றாம் மாடியில். அதற்கு நேர் மேலே ஏலிஜா திவேகர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மகன் சாம்சன் ஆலையில் தறி ஃபிட்டர். பிராஸ்பரின் ஒரே மகள் ஸோலிகா, இருபத்திரண்டு வயது, அதே ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை.

1963 வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சிமி கோதுமை ரவை கூஸ்கூஸை ஆவியில் வைத்துவிட்டுக் கேரட்டுக்குச் சீரகம் நுணுக்கிக்கொண்டிருந்தாள். கதவு தட்டியது. ஏலிஜா, கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். பின்னால் அவர் மனைவி ஃப்ளோரா, மூடிய தட்டோடு. அவளுக்கும் பின்னால் சாம்சன்.

பிராஸ்பர் இருந்த நாற்காலியிலிருந்து எழவில்லை. தட்டைத் திறந்து பார்த்தார். அவலில் தேங்காய்ப்பூவும் பேரீச்சம்பழமும் கலந்திருந்தது.

“என்ன இது, கோழித் தீனியா?”

“அவல்ங்க” என்றாள் ஃப்ளோரா. “எலியா தீர்க்கதரிசியை வேண்டிக்கிட்டுச் செய்யறது. நல்ல காரியம் பேசப் போறப்ப எடுத்துட்டுப் போவோம்.”

“எங்க ஊர்ல தீர்க்கதரிசிக்குக் கறி வைப்போம்.”

ஏலிஜா தொண்டையைச் செருமினார். அவர் பேசும் ஹீப்ரு பாடப்புத்தகம் வாசிப்பதுபோல இருக்கும். “ஐயா, சுத்தி வளைக்காமச் சொல்றேன். எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்.”

“ஏன், பம்பாய்ல பொண்ணு இல்லியா?”

“நெறைய இருக்கு. டிராம் இருக்கு, சமுத்திரம் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தது என் முட்டாள்தனம். முப்பது வருஷம் ரயில்வே ஆபீஸ்ல எழுத்து வேலை பாத்தேன். இங்க வந்து கல்லு பொறுக்கினேன். அது போகட்டும். எங்க ஊர்ல வீட்டுக்கு வந்தவனை வையறதா இருந்தாலும் நாற்காலி போட்டுட்டுத்தான் வைவாங்க.”

சிமி அவசரமாக இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். யாரும் உட்காரவில்லை.

“நீங்கல்லாம் நெசமாவே யூதங்கதானான்னு ஊருக்குள்ள பேச்சு இருக்கே” என்றார் பிராஸ்பர்.

“உங்களைப் பத்தியும்தான் பேசறாங்க. மொரோக்கோக்காரன் இடுப்புல கத்தி இல்லாம கக்கூஸுக்குக்கூடப் போகமாட்டான்னு. நாங்க நம்பறதில்ல. கேட்டுக்கறதோட சரி.”

அடுப்படியிலிருந்து ஸோலிகா வந்தாள். தலைமயிரில் ஆலைப் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, இவங்க மரியாதைக்குக் கேக்க வந்திருக்காங்க. நாங்க முடிவு பண்ணி ஆறு மாசமாச்சு.”

“ஆறு மாசமா? வேற ஆளே கெடைக்கலயா உனக்கு?”

“உனக்கு இந்த ஊரு புடிக்கல. ஊர்ல இருக்கறவங்களைப் புடிக்கல. ஓடுற படம் புடிக்கல, ஓடாத படமும் புடிக்கல. புடிச்சது ஏதாவது ஒண்ணு இருந்தாச் சொல்லுப்பா, அதையே கட்டிக்கறேன்.”

சாம்சன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. பிராஸ்பர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஃப்ளோரா தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியேறினாள்.

வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிராஸ்பர் ஆலை வாசலுக்குப் போனார். பையனை அவன் வேலை பார்க்கிற இடத்திலேயே நாலு பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. வெயில் ஏறி அடித்தது. உள்ளே தறிகள் போடுகிற சத்தத்தில் வாசல் இரும்புக் கதவே அதிர்ந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, செவிடனிடம் பேசுவதுபோலக் கத்தினார்.

“நீ. மொரோக்கோ. என்ன வேணும்? வேலை இல்ல. போ.”

பிராஸ்பர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொன்னார். அது மேற்பார்வையாளருக்குப் புரியாததில் ஒரு சந்தோஷம். அவர் கையை உதறிவிட்டு உள்ளே போய் சாம்சனை அனுப்பினார். சாம்சன் மசகெண்ணெய்க் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டே வந்தான்.

“திட்டறதுன்னா சீக்கிரம் திட்டிடுங்க. நாலு தறி நிக்குது” என்றான்.

“என் பொண்ணை விட்டுரு.”

“நீங்க சிரமப்பட வேண்டாம். கல்யாணப் பதிவு ஆபீஸ்லயே விட்டுரச் சொல்லிட்டாங்க.” அவன் நிழலுக்கு நகர்ந்து நின்றான். “பாட்டிக்குப் பாட்டி யாருன்னு கேக்கறாங்க. கொங்கணத்துல செக்கு ஆட்டிக்கிட்டிருந்த கெழவிக்கு எவன் பத்திரம் எழுதி வச்சான்? சனிக்கிழமை செக்கு ஆட்டமாட்டாங்கன்னுதான் ஊரே எங்களை சனிக்கிழமை எண்ணெய்க்காரன்னு கூப்பிட்டுச்சு. அதைச் சொன்னேன். ஊர் கூப்பிட்டா ஆகாது, ரபி கையெழுத்து வேணும்ங்கறாங்க.”

பிராஸ்பருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. “அப்ப நான் சொன்னதைத்தான் அவங்களும் சொல்றாங்க.”

“ஆமா, ரெண்டு பேர் பேச்சும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அவங்க நாற்காலி போட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.”

வீட்டுக்கு வந்து பிராஸ்பர் இதைச் சிமியிடம் சொல்லிச் சிரித்தார். சிமி சிரிக்கவில்லை. ஸோலிகா அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவர் முன்னால் நகர்த்துவாள். உப்பு வேண்டுமென்றால் அவரே எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்து நாள் கழித்து, பெண்ணின் தகப்பனாரும் வர வேண்டுமென்று, மதகுருக்களான ரபிகள் நடத்துகிற கல்யாணப் பதிவு ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். அன்று காலையிலிருந்தே பாலைவனக் காற்று. வானம் மஞ்சளாகி, பல்லிடுக்கில் மணல் கடிபட்டது. பிராஸ்பர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனார். எழுத்தர் போலந்துக்காரர். காற்றுக்குச் சளி பிடித்து மூக்கைக் கைக்குட்டையால் அமுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி போடச் சொன்னார்.

“நீங்க பொறுப்பான தகப்பன்னு கேள்விப்பட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்தக் குடும்பத்தோட யூத வம்சத்து மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்குன்னு. அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது.”

“எப்படி முடியும்?”

“அந்தப் பையன் பேரு சந்தேகப் பட்டியல்ல ஏறிடும். எந்த ஊர்லயும் கல்யாணம் பதிய முடியாது. தங்கச்சிங்க ரெண்டு பேர் இருக்காங்களாமே, அவங்களுக்கும் சேத்துத்தான்.”

அந்தத் தங்கைகளைப் பிராஸ்பர் படிக்கட்டில் பார்த்திருக்கிறார். சின்னவளுக்குப் பதினொரு வயது இருக்கும். தினமும் எதிர்ப்படும்போது ‘ஷாலோம் மிஸ்டர்’ என்று சொல்லித் தொலைப்பாள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

எழுத்தர் நட்பாகக் குனிந்தார். “நமக்குள்ள சொல்றேன். மொரோக்கோ ஆளுங்க வந்தப்பவும் இதே தலைவலிதான். உங்களையெல்லாம் ஒரு மாதிரி கழுவித் தொடச்சு எடுத்துட்டோம். இவங்களை ஒண்ணும் செய்ய முடியாது. ஆமா, உங்க கல்யாணப் பத்திரம் இருக்கா?”

“பெட்டியில இருந்துச்சு. மார்செய் துறைமுகத்துல அந்தப் பெட்டியே காணாமப் போச்சு.”

“சாட்சி?”

“அந்த ஆளுங்கல்லாம் பாரிஸுக்கும் மாண்ட்ரியாலுக்கும் போயிட்டாங்க.”

“அப்ப நீங்க வாயால சொல்றதுதான் ஆதாரம், இல்லியா?” என்று எழுத்தர் எதையோ குறித்துக்கொண்டார். குறித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். “பரவால்ல, கையெழுத்துப் போடுங்க. உங்க விஷயத்தைப் பெறவு பாத்துக்கலாம்.”

கழுவித் துடைத்து எடுத்தோம் என்றதுதான் பிராஸ்பரின் காதில் ஈயமாக இறங்கியது. இந்த ஊரில் அவரை யாரும் மதித்ததில்லை, அது பழகிவிட்டது. ஆனால் இன்னொருவனை மிதிக்கக் காலைத் தூக்கியபோது, தன் முதுகில் ஏறி நின்றுகொண்டு ஒருவன் “நல்லா மிதி” என்பதை அன்றுதான் கண்டார். காகிதத்தைத் திருப்பினார். வெற்றுப் பக்கத்தில் நல்ல பிரெஞ்சில், வளைவு நெளிவோடு எழுதினார். தன் மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளத் தெரியாதவர் அடுத்தவன் பாட்டியைத் துடைக்க வந்திருப்பதாகவும், காசாபிளாங்காவில் இவரைத் தன் தியேட்டரில் கூட்டிப் பெருக்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் எழுதிக் கீழே முழுப்பெயரைப் போட்டார்.

“என்ன எழுதியிருக்கீங்க?”

“என் அபிப்பிராயம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஆபீஸில் பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் கடிதம் வந்தது. பையனின் வம்சம் நிரூபணமாகவில்லை. பெண்ணின் பெற்றோருக்கு முறைப்படி கல்யாணம் நடந்ததும் நிரூபணமாகவில்லை. இரண்டும் நிலுவையில் வைக்கப்படுகிறது.

ஸோலிகா வாசித்தாள். சிமி வெங்காயத் தாளை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“இருபத்தஞ்சு வருஷமா உன் சட்டையைத் தொவச்சிருக்கேன். இப்ப எனக்குக் கல்யாணமே ஆகலங்கறான். இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பாத்திருப்பேன்ல.”

பிராஸ்பர் எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் படியேறினார். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு அந்தப் பதினெட்டுப் படியை அவர் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஏலிஜா கதவைத் திறந்து, நாற்காலி போட்டுவிட்டு, நின்றபடியே பார்த்தார்.

“மோதிரமும் ரெண்டு சாட்சியும் இருந்தா கல்யாணம்தான்” என்றார் பிராஸ்பர். “மோசேயோட சட்டத்துல ஆபீஸுங்கற வார்த்தையே இல்ல. காசாபிளாங்காவுல சின்னப் புள்ளைக்குத் தெரியும்.”

“பம்பாய்லயும் தெரியும். ஆனா சாட்சி எங்க ஆளுங்களா இருந்தா கணக்கிலேயே எடுக்கமாட்டாங்க. சபாத் தவறாத, வம்சத்துல ஒருத்தனும் வாய் வைக்க முடியாத ஆளுங்க ரெண்டு பேர் வேணும். ரெண்டு வீட்டுக்கும் சொந்தமா இருக்கக் கூடாது. இருக்காங்களா உங்களுக்கு?”

பிராஸ்பர் யோசித்துப் பார்த்தார். ஊரில் தான் பழித்துப் பேசாத ஆள் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

மக்லூஃப் வக்னீன் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். அட்லஸ் மலைக்காரர். சபாத் அன்று நெருப்புக் குச்சிப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார். அவரைத்தான் பிராஸ்பர் எட்டு வருஷமாகக் குகைவாசி என்று கூப்பிட்டு வந்தார். பிராஸ்பர் போய் நின்றபோது மக்லூஃப் வாடின கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன மேனேஜர், குகைப் பக்கம் வழி தப்பிட்டீங்களா?”

“ஒரு விஷயமா வந்தேன்.”

“தக்காளி வாங்கறப்ப ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துட்டு வாங்காமப் போற ஆளு. விஷயம்னா பெரிசாத்தான் இருக்கும்.”

பிராஸ்பர் சொன்னார். மக்லூஃப் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு முள்ளங்கிக் கட்டை அடுக்கினார்.

“ஆபீஸ்ல எழுதாம கல்யாணம் பண்ணி வச்சா ஜெயில்ல போடுவாங்கன்னு சொல்றாங்க.”

“தெரியும்.”

“மாப்பிள்ளை இந்தியன்.”

“ஆமா.”

“நேத்து வரைக்கும் இந்தியன்னா உனக்கு நாத்தம். மலைக்காரன்னாலும் நாத்தம். இப்ப இந்தியனுக்குப் பொண்ணு குடுக்க மலைக்காரன் சாட்சி வேணும். என் மச்சினன் காசாபிளாங்காவுல இருந்தவன்யா. அந்தத் தியேட்டருக்கு வாராவாரம் போவான். நீ அங்கயும் டிக்கெட்டுத்தான் கிழிச்சியாம். எனக்கு மொத வருஷமே தெரியும்.”

பிராஸ்பரின் காது மடல் சிவந்தது. “தெரிஞ்சும் ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா அடுத்த நாளே நீ வேற பொய்யைக் கொண்டு வருவே. இது பழகிப்போச்சு.” மக்லூஃப் கையை உதறினார். “எங்க மலையில ஒரு ரபி இருந்தாரு. ஒருத்தன் யூதனான்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு கேட்டா, அவன் பக்கத்து வீட்டுக்காரன் அவனை எப்படி வையறான்னு கேளு, தெரிஞ்சுடும்பாரு. வர்றேன். உனக்காக இல்ல. இந்தியன் வீட்டுப் பந்தியில நீ உக்காந்து சாப்பிடற மூஞ்சியைப் பாக்கணும், அதுக்கு வர்றேன். கசாப்புக்காரரையும் கூட்டிட்டு வர்றேன். அவருக்கும் உன்னைக் கண்டா ஆகாது.”

யூதர்களுக்குச் செவ்வாய்க்கிழமை நல்ல நாள், அன்றே கல்யாணம். இரண்டு மணி ஷிப்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்று பகல் பன்னிரண்டுக்கே வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் முற்றத்தில் கூடினார்கள். மருதாணி விஷயத்தில் மட்டும் சிமிக்கும் ஃப்ளோராவுக்கும் சண்டை. உள்ளங்கை நிறைய அப்ப வேண்டும் என்பது சிமி கட்சி, கோலமாக இழுக்க வேண்டும் என்பது ஃப்ளோரா கட்சி. கடைசியில் ஆளுக்கொரு கை எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் துடைப்பக் கட்டையில் ஜெபச் சால்வையைக் கட்டிப் பந்தலாகப் பிடித்தார்கள். காற்றில் அது படபடவென்று அடித்தது. இந்தியப் பெரியவர் ஒருவர் ஆசீர்வாதம் பாடினார். அந்த ராகத்துக்கு மக்லூஃப் பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்தார். ஆனால் பெரியவர் ஒரு வார்த்தையை விட்டபோது அவரே எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணப் பத்திரத்தைப் பிராஸ்பர்தான் எழுதியிருந்தார். மக்லூஃப் அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. ஒம்போதாவது வரியில ஒண்ணு கூட இருக்கு. காசாபிளாங்காவுல ஹீப்ரு சொல்லித் தர மறந்துட்டாங்க போல.”

ஏலிஜாவும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். “நானும் பாத்தேன். சம்பந்தியாச்சேன்னு சொல்லல.” இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். திருத்தியதும் மக்லூஃபும் கசாப்புக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கப்படி சாம்சன் மிதித்த கண்ணாடிக் குவளை நொறுங்கியது. ஆலைச் சங்கு ஊதியது. பந்தியில் பாதிப்பேர் வாயைத் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினார்கள். மேற்பார்வையாளர் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் ஒரு நாள் லீவு கொடுத்திருந்தார்.

மீதி வேலை கட்டில் ஏற்றுவது. சிமி மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த இரும்புக் கட்டில். பிராஸ்பர் ஒரு பக்கமும் மக்லூஃப் ஒரு பக்கமும் பிடித்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று வாக்குவாதம். பிராஸ்பர் சொன்ன பக்கம் சாய்த்தால் சுவரில் இடித்தது. மக்லூஃப் சொன்ன பக்கம் சாய்த்தால் பிராஸ்பர் விரலில் இடித்தது. நாலாம் மாடியில் கட்டிலைப் போட்டுவிட்டு, “மேனேஜர் வேலையே உனக்குத் தேவலாம்” என்று சொல்லி மக்லூஃப் இறங்கிப் போனார்.

அறையில் ஸோலிகா மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அப்பிய மருதாணி, ஒரு கையில் கோலம். கூட்டுவதை நிறுத்தாமலே பேசினாள். ஒரு மாதத்துக்கப்புறம் அப்பாவிடம் பேசுகிறாள்.

“நீ எனக்காக இதைச் செய்யல. அந்த ஆபீஸ்காரன் மேல இருந்த கடுப்புலதான் செஞ்சே.”

பிராஸ்பருக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. மகள் மேல் உயிரையே வைத்திருப்பதாக, ஆரம்பத்திலிருந்தே மனசுக்குள் சம்மதம்தான் என்று. நல்ல பதில். சொன்னால் யாரும் மறுக்க முடியாது. நசுங்கின விரலைச் சப்பிக்கொண்டே மகளைப் பார்த்தார்.

“ஆமா” என்றார்.

“சாம்சனை இன்னும் புடிக்கலதானே?”

“புடிக்கல.”

“அவங்க அப்பாவை?”

“அந்த ஆளு பேசறதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.”

ஸோலிகா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கட்டிலை ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். அது நொண்டியது.

“சரி, அந்தக் காலைப் பிடி. அடியில ஏதாவது வச்சுப் பாப்போம்” என்றாள்.

பிராஸ்பர் தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, முழங்காலிட்டுக் கட்டில் காலைப் பிடித்துத் தூக்கினார்.